பட்டாளத்து நன்னாவின் இரண்டு வயது



எங்கள் மஹல்லாவில் ஒருவர் மறைந்தால் அடக்கத்திற்கு முன் பதிவேட்டில் நான்கு விவரங்களை எழுதி வைப்பது வழக்கம்: பெயர், தந்தையார் பெயர், வீட்டு முகவரி, வயது. மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதோடு இந்தப் பதிவேட்டை எழுதும் பொறுப்பும் பல ஆண்டுகளாக என்னிடமே இருந்து வருகிறது. என் கையெழுத்து படிக்கும்படியாக இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் ஏதுமில்லை. எழுதுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் 2022ஆம் ஆண்டில் ஒரு நாள், நான்காவது விவரத்தை எழுத முடியாமல் பேனாவைப் பிடித்தபடி நான் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறைந்தவர், எங்கள் தெருவில் சிறியவர் முதல் பெரியவர் வரை எல்லோராலும் 'பட்டாளத்து நன்னா' என்று அழைக்கப்பட்ட முதியவர். அவருடைய மகன் என் எதிரே நின்றார். "வயது என்ன?" என்று கேட்டேன். "ஆதார் அட்டையில் தொண்ணூற்றேழு, ஹஜ்ரத்" என்றார். சற்று நிறுத்திவிட்டு, "அத்தா கணக்குப்படி தொண்ணூற்றைந்து. உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

எனக்குத் தெரியும். அந்த இரண்டு ஆண்டுகளின் கதையை அவருடைய பிள்ளைகளை விடவும் நான் அதிகமாக அறிவேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. தம் பெயர் அச்சில் வருவதை அவர் ஒருபோதும் விரும்பியதில்லை. ஆதலால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

வட சென்னையில் பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு ஆகிய பகுதிகளில் வாழ்ந்த பழைய குடும்பங்களுக்கு 'பின்னி மில்' என்றால் விளக்கம் தேவையில்லை. ஆவணங்களில் அதன் பெயர் பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் மில். 1876ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பக்கிங்காம் ஆலையும், பின்னர் எழுந்த கர்நாடிக் ஆலையும் 1920இல் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918ஆம் ஆண்டு ஏப்ரலில் தோன்றியது இந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றார்கள். ஆலையின் சங்கு ஊதினால்தான் எங்கள் பகுதியில் பொழுது விடியும். கடிகாரம் இல்லாத வீடுகளும் சங்கு கேட்டே சமையலைத் தொடங்கின.

நன்னா அந்த ஆலையின் நெசவுப் பிரிவில் 36 ஆண்டுகள் பணியாற்றியவர். 1947இல் சேர்ந்து 1983இல் ஓய்வு பெற்றார். அதற்கு முன் மூன்றாண்டுகள் பட்டாளம். மூன்றாண்டுப் பட்டாளம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 36 ஆண்டு ஆலை ஒட்டவில்லை. 'மில் நன்னா' என்று அழைக்கத் தொடங்கினால் தெருவில் பாதிக் கிழவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது காரணமாயிருக்கலாம்.

அவர் பிறந்தது வட ஆற்காடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில். தந்தையார் வாடகை மாட்டுவண்டி ஓட்டியவர். பிறந்த நாளை எழுதி வைக்கும் வழக்கம் அக்குடும்பத்தில் இல்லை. "காந்தி நம்ம பக்கம் வந்து போன வருஷம் பிறந்தவன் நீ" என்று தாயார் சொல்லி வந்தார். காந்தியடிகள் தமிழகத்தில் நீண்ட சுற்றுப்பயணம் செய்தது 1927ஆம் ஆண்டில். ஆகவே 1943இல் அவருக்குப் பதினாறு வயது.

அந்த 1943ஆம் ஆண்டு எப்படிப்பட்டது என்பதை இன்றைய தலைமுறை கற்பனை செய்வது கடினம். அக்காலத்தில் சென்னை மாகாணம் பர்மாவிலிருந்து வரும் அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த அரிசி நின்றுபோயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் ஜப்பானியர் தாக்குவார்கள் என்ற அச்சத்தில் சென்னை நகரமே காலியாயிற்று. மூட்டை முடிச்சுகளோடு வண்டிகளில் மக்கள் வந்ததைச் சிறுவனாயிருந்த நன்னா தம் ஊர்ச் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறார். வீட்டில் ஆறு வயிறுகள். தந்தையின் வண்டி மாடுகளில் ஒன்று செத்துப் போனது. பட்டாளத்திற்கு ஆள் எடுக்கிறார்கள், மூன்று வேளை சோறும் மாதச் சம்பளமும் கிடைக்கும் என்ற செய்தி வந்தது. ஊர்க்காரர் ஒருவர், "பதினெட்டு என்று சொல், உயரம் இருக்கிறது, மார்பு இருக்கிறது, வேறு எதையும் கேட்கமாட்டார்கள்" என்று சொல்லிக் கொடுத்தார். அவ்வாறே சொன்னார். அவர்களும் வேறெதையும் கேட்கவில்லை. பிறந்த ஆண்டு 1925 என்று எழுதப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையின் எண்ணிக்கை 25 இலட்சம் வரை உயர்ந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு இன்றித் தாமாக முன்வந்தோரைக் கொண்டு அமைந்த படைகளில் அதுவே மிகப் பெரியது என்பார்கள். 'தாமாக' என்ற சொல்லை நான் ஒருமுறை நன்னாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "பசி கூட்டிக்கொண்டு போனால் அது தானாகப் போனதா, தம்பி?" என்றார்.

அவர் சேர்க்கப்பட்டது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில். 1780ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து வரும் பிரிவு அது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது ஆகியவை அதன் வேலைகள். துப்பாக்கிப் பயிற்சியும் உண்டு. ஆனால் கையில் அதிகம் இருப்பது மண்வெட்டியும் கடப்பாரையும்தான். அந்தப் பிரிவினருக்குப் படையில் வழங்கிய செல்லப் பெயர் 'தம்பி' என்பதாகும். இன்றும் அவ்வாறே அழைக்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள்கூட அந்தச் சொல்லைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி உச்சரிப்பார்களாம். தெருவில் எந்தச் சிறுவனைக் கண்டாலும் நன்னா 'தம்பி' என்று அழைத்ததில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை இருந்தது; அது பட்டாளத்தில் சேர்ந்துகொண்டதைப் போல.

பெங்களூர்ப் பயிற்சி முகாமில் அவர் மிகவும் வியந்து சொன்னது ஒன்றைப் பற்றி: எல்லோருக்கும் ஒரே அடுப்பு, ஒரே பந்தி. தமிழர், தெலுங்கர், முஸ்லிம், கிறித்தவர், ஊரில் சேரிக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர் என்ற வேறுபாடின்றி ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். பின்னாளில் ஆலையில் சேர்ந்தபோது, 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதியாலும் சமயத்தாலும் பிளவுபட்டு, புளியந்தோப்பில் ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்திய கதையை மூத்த தொழிலாளர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லக் கேட்டிருக்கிறார். "ஒரே பந்தியில் சாப்பிட்டுப் பழகியிருந்தால் அந்த வேலைநிறுத்தம் தோற்றிருக்காது" என்பது அவருடைய தீர்ப்பு. வரலாற்றுப் பட்டம் படித்த எனக்கு அது மிக எளிமையான விளக்கமாகத் தோன்றும். ஆனாலும் அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வந்ததில்லை.

இம்பாலைச் சூழ்ந்திருந்த ஜப்பானிய முற்றுகை 1944 ஜூனில் உடைந்தது. அதன் பிறகு தெற்கே பர்மாவுக்குள் முன்னேறிய பதினான்காவது படையோடு நன்னாவின் பிரிவும் சென்றது. மலேரியாவுக்குப் பேர்போன கபா பள்ளத்தாக்கின் வழியாக நடந்தார்கள். காய்ச்சலைத் தடுக்க நாள்தோறும் விழுங்கிய மெபாக்ரின் மாத்திரையால் எல்லோருடைய தோலும் மஞ்சளாகிவிட்டதாம். "கல்யாணப் பெண்ணுக்கு மஞ்சள் பூசியது போல் இருந்தோம்" என்பார்.

பெய்லி பாலம் என்பதைப் பற்றி அவர் சொல்லக் கேட்க வேண்டும். இங்கிலாந்துப் பொறியாளர் டொனால்ட் பெய்லி போர்க்காலத்தில் வடிவமைத்தது அது. பத்தடி நீள இரும்புச் சட்டங்களை ஆணி செருகி ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே போகவேண்டும். பாரந்தூக்கி இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு சட்டத்தின் எடை ஏறத்தாழ 260 கிலோ; தூக்க ஆறு பேர். "ஆறு பேரும் ஒரே உயரமாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உயரமானவன் தோள்தான் செத்தது" என்று தம் இடது தோளைத் தொட்டுக் காட்டுவார். அந்தத் தோள் கடைசிவரை சற்றுத் தாழ்ந்தே இருந்தது.

சின்ட்வின் ஆற்றின் மேல் கலேவாவில் 1944 டிசம்பரில் ஒரு மிதக்கும் பெய்லி பாலம் கட்டப்பட்டது. அதன் நீளம் 1,100 அடிக்கும் அதிகம். அக்காலத்தில் அந்த வகையில் மிக நீளமானதாகப் பேசப்பட்டது. இந்தச் செய்தியை ஒரு நூலில் படித்துவிட்டு, கல்லூரி மாணவனாயிருந்த நான் ஓடிச் சென்று, "நன்னா, நீங்கள் கட்டிய பாலம் புத்தகத்தில் வந்திருக்கிறது!" என்றேன். அவர் புத்தகத்தை வாங்கிப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "நான் கட்டவில்லை, தம்பி. இதன் மேல் நடந்து போனவன் நான். நாங்கள் கட்டியதெல்லாம் ஓடைப் பாலம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் ஏமாற்றத்தோடு திரும்பினேன். தெருவில் அதற்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டிருந்தேன். அவர்களிடம் போய் மறுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு அச்சில் மறுத்திருக்கிறேன்.

1945 மே மாதத் தொடக்கத்தில் ரங்கூன் மீட்கப்பட்டது. அங்கே ஒழுங்கைக் காக்க ஜெனரல் லோகநாதன் தலைமையில் விடப்பட்டிருந்த இந்திய தேசிய இராணுவத்தினர் ஆயிரக்கணக்கில் சரணடைந்தார்கள். அவர்களில் மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த தமிழர்களும் இருந்தனர். வேலிக்கு அப்பால் நின்ற ஒருவர் தமிழில் புகையிலை கேட்டார். எந்த ஊர் என்று நன்னா விசாரித்தார். இருவருக்கும் இடையே பன்னிரண்டு மைல். "அவன் பேரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கும் என் பேரில் வரவில்லை. சந்தைக்குப் போகும் வழி பற்றிப் பேசினோம்" என்றார்.

போர் முடிந்து 1946இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். விடுவிப்புப் புத்தகம் ஒன்று கையில் தரப்பட்டது. பணிக்காலம் குறைவு, ஓய்வூதியம் கிடையாது. போருக்கென எடுக்கப்பட்டு, போர் முடிந்ததும் அனுப்பப்பட்ட பல இலட்சம் பேரின் நிலை அதுவே.

தாய்மாமன் ஒருவர் ஆலையில் வேலை பார்த்து வந்தார். அவர் அழைத்துக்கொண்டு வந்தார். விடுவிப்புப் புத்தகத்திலிருந்த பிறந்த ஆண்டே ஆலைப் பதிவேட்டிலும் ஏறிற்று. நன்னா முதலில் நின்ற தறியில் ஓடிக்கொண்டிருந்தது காக்கித் துணி. பட்டாளத்திற்கும் காவல் துறைக்கும் காக்கி நெய்து கொடுத்ததில் அந்த ஆலை நாடெங்கும் பெயர் பெற்றது. "மூன்று வருஷம் உடம்பில் போட்டிருந்த துணியை முப்பத்தாறு வருஷம் நெய்தேன்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம். 'காக்' என்ற பாரசீகச் சொல்லுக்கு மண், புழுதி என்று பொருள். புழுதியின் நிறமுடையது காக்கி. இதை அவருக்கு எடுத்துச் சொன்னவன் நான். "அதுதான் எவ்வளவு அழுக்கானாலும் தெரிவதில்லை" என்று அவர் மகிழ்ந்தார்.

நெசவுக் கூடத்தைப் பார்த்தறியாத வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான விசைத்தறிகள் ஒரே கூரையின்கீழ் ஓடும்போது நாடா இப்பக்கமும் அப்பக்கமும் அடிபடும் ஓசை மனிதக் குரலை விழுங்கிவிடும். பக்கத்தில் நிற்பவரிடம் கத்தினாலும் கேட்காது. ஆகவே தொழிலாளர்கள் உதட்டசைவாலும் கைச்சாடையாலும் பேசிக்கொண்டார்கள். நூல் அறுந்துவிடாதபடி காற்றில் ஈரத்தை வைத்திருப்பார்கள். கோடையில் அந்த வெக்கை தாங்க முடியாது. பஞ்சுத் தூசி வேறு. ஆண்டுகள் செல்லச் செல்லச் செவி மங்கும். நன்னாவுக்கு ஓய்வு பெறும்போதே பாதிச் செவிதான் இருந்தது. பின்னர் அதுவும் போயிற்று. ஆனால் உதட்டைப் படிக்கும் கலை அவரை விட்டுப் போகவில்லை. அறையின் அந்தக் கோடியில் இருவர் கிசுகிசுத்தாலும் பிடித்துவிடுவார். எங்கள் தெருவில் அவர் முன்னால் இரகசியம் பேசியவர்கள் எல்லோரும் அனுபவப்பட்டவர்கள்.

இங்கே என்னுடைய அறியாமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் மதரஸாவில் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை சொற்பொழிவு ஆற்றினேன். நன்னா முதல் வரிசையில் உட்கார்ந்து இமைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் முகத்தைச் சுளித்து எழுந்து இரண்டு முழம் தள்ளிப் போய் உட்கார்ந்தார். என் பேச்சுப் பிடிக்கவில்லை போலும் என்று எனக்கு வருத்தம். பல நாள் கழித்துக் கேட்டேன். "பேச்சுக்கென்ன குறை? மைக்கை வாய்க்கு நேராக வைத்துவிட்டீர்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்றார். அன்றிலிருந்து ஒலிபெருக்கியைச் சற்றுக் கீழே இறக்கி வைத்துக்கொள்கிறேன். அவர் இல்லாத இந்நாளிலும் கை தானாக இறக்கிவிடுகிறது.

நான் ஆசிரியரான நாள் முதல் அவர் என்னைத் 'தம்பி' என்று அழைப்பதை நிறுத்திக்கொண்டார். 'ஹஜ்ரத்', 'நீங்கள்' என்ற மரியாதை வந்துவிட்டது. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். "கற்றுக் கொடுப்பவரை அப்படித்தான் அழைக்க வேண்டும்" என்று முடித்துவிட்டார். பட்டாளத்திலிருந்து நீக்கப்பட்டவனைப் போல எனக்கு இருந்தது.

1983ஆம் ஆண்டில் ஆலைக் கணக்குப்படி அவருக்கு ஓய்வு வயது வந்தது. உண்மை வயதோ இரண்டு ஆண்டு குறைவு. வீட்டில் இளைய மகளின் திருமணம் நிச்சயமாகியிருந்தது. சங்கத்தில் இருந்த நண்பர்கள், "பிறந்த ஆண்டைத் திருத்த மனுக் கொடுங்கள், ஊரிலிருந்து சான்று வாங்கி வரலாம், இரண்டு வருடச் சம்பளம் சாதாரணமா?" என்று வற்புறுத்தினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை; உண்மையைத்தான் எழுதப் போகிறார்கள். ஆயினும் அவர் மறுத்துவிட்டார். "என் வாயால் சொன்ன வயது. அதன்படியே போகிறேன்" என்றார். மனைவியாருக்கு அது பெரிய மனத்தாங்கல். "இந்த மனிதருக்கு எதற்கு இந்தப் பிடிவாதம்?" என்று அவர் என் தாயாரிடம் அழுததை நான் வளர்ந்த பிறகு வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் மகளின் திருமணத்தோடு தீர்ந்தன. தொழிலாளர் வைப்பு நிதிச் சட்டம் 1952இலேயே வந்தது என்றாலும், மாத ஓய்வூதியம் தரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பரில்தான். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னரே வெளியேறியவருக்கு அதனால் பயன் ஏது? பட்டாளத்து ஓய்வூதியமும் இல்லை, ஆலை ஓய்வூதியமும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் வாயிற்காவலராகச் சேர்ந்தார். மீண்டும் காக்கிச் சட்டை. நான் முதல் வகுப்பில் சேர்ந்த அன்று அழுதுகொண்டு நின்ற வாயிலில் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றது அந்தக் காக்கிச் சட்டைதான்.

மாலை வேளைகளில் அவருடைய திண்ணையில் சிறுவர் கூட்டம் இருக்கும். காற்றாடி நூல் அறுந்துவிட்டால் அவரிடம் கொண்டு போவோம். இரண்டு முனைகளையும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து, கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுவார். நெசவாளி போடும் முடிச்சு அது. தறியில் இழை அறுந்தால், அச்சின் இடுக்கில் சிக்காமல் கடந்து போகும்படி முடிச்சு சிறியதாகவும் இறுக்கமாகவும் இருக்கவேண்டும். அவர் போட்ட முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாலும் எங்கே என்று தெரியாது. கண் பார்வை குன்றிய பிறகும் அந்த முடிச்சு மாறவில்லை. எனக்கும் கற்றுக் கொடுத்தார். எனக்கு வந்தது பெரிய முடிச்சுதான்.

1996ஆம் ஆண்டு ஆலை மூடப்பட்டது. சங்கு நின்றது. கூடங்கள் காலியாகிக் கிடந்தன. பல்லாண்டுக் காலம் திரைப்படக்காரர்கள் அங்கே சண்டைக் காட்சிகளைப் படமாக்கினார்கள். பின்னர் அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. ஒரு படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நன்னா, கதாநாயகன் வில்லனை உதைக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டி, "அங்கேதான் என் தறி" என்றாராம். வீட்டார் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இனி, நான் சொல்ல வந்த இடத்திற்கு வருகிறேன்.

ஓய்வூதியம் பெறாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்குத் தமிழக அரசு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கி வருகிறது என்ற செய்தி எங்களுக்கு மிகத் தாமதமாகவே தெரிந்தது. 2009ஆம் ஆண்டில் மகனுக்குத் தொழில் நொடித்துக் குடும்பம் தள்ளாடிய வேளையில், நான் விண்ணப்பத்தை நிரப்பி நன்னாவை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்திற்குப் போனேன். அதிர்ஷ்டவசமாக விடுவிப்புப் புத்தகம் இருந்தது. பழைய காக்கித் துணித் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். எழுத்தர் புரட்டிப் பார்த்துவிட்டு, வழக்கமாகக் கேட்பது போல, "பிறந்த வருடம் 1925, சரிதானே பெரியவரே?" என்றார். நன்னா அவருடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை ஐயா. அது நான் பட்டாளத்தில் சொன்னது. பிறந்தது 1927" என்றார்.

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டார். புத்தகத்தில் ஒன்று, வாய்மொழியில் ஒன்று என்றால் எதை ஏற்பது? மேலதிகாரி வரட்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அடுத்த வாரம் வேறு சான்று கேட்டார்கள். அப்படியே ஐந்து மாதம் இழுத்தது. முதல் நாள் வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எண்பத்திரண்டு வயது முதியவரிடம், "கேட்டதற்குச் சரி என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்குமே! வீட்டில் பிள்ளைகள் பட்டினி கிடக்கட்டும் என்றா இருக்கிறீர்கள்?" என்று நடுத்தெருவில் கேட்டுவிட்டேன். செவி கேளாதவர்தான், ஆனால் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொல்லி, அறுபத்தாறு ஆண்டுகளாக மனைவியிடமும் சொல்லாததைச் சொன்னார்.

ஆள் எடுக்கும் வரிசையில் அவருக்குப் பின்னால் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் நின்றிருந்தான். அவனுக்கும் பதினாறுதான். உண்மையைச் சொல்லிவிடப் போகிறான், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று இவருக்குத் தோன்றியது. துணைக்கு ஒருவன் இருந்தால் நல்லது என்றும் தோன்றியது. திரும்பி, "பதினெட்டு என்று சொல்லு" என்று காதோடு சொன்னார். அவன் சொன்னான். பெங்களூரில் இருவருக்கும் அடுத்தடுத்த படுக்கை. ஒரே சட்டத்தை எதிரெதிராகத் தூக்கினார்கள். 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றைக் கடக்கும்போது தெப்பம் கவிழ்ந்து அவன் மூழ்கிப் போனான். உடல் கிடைக்கவில்லை.

விடுதலையாகி வந்ததும் நன்னா அவன் ஊரைத் தேடிப் போயிருக்கிறார். தாயார் மட்டும் இருந்தார். மோர் கொடுத்தார். "உனக்கு என்ன வயசுப்பா?" என்று கேட்டார். "பத்தொன்பது" என்றார். "என் பிள்ளையும் இருந்தால் அதேதான். காகிதத்தில் இருபது என்று போட்டிருக்கிறார்கள். பதினெட்டு என்று சொல்ல அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ?" என்று அந்த அம்மையார் சொல்லியிருக்கிறார். நன்னா பதில் சொல்லவில்லை. மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"அந்த அம்மாவிடம் நான் சொல்லாமல் வந்துவிட்டேன் ஹஜ்ரத். அதற்குப் பிறகு மில்லில் வயதைத் திருத்தச் சொன்னார்கள். எனக்கு மட்டும் திருத்திக்கொண்டு சம்பளம் வாங்கவா? இன்றைக்கு இந்தப் பிள்ளை சரிதானா என்று கேட்கிறான். சரி என்று எப்படிச் சொல்வேன்?" என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. பேசினாலும் அவர் பார்க்கும் நிலையில் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரு கைகளின் விரல்களும் ஒன்றையொன்று உரசி, இல்லாத நூலை முடிந்துகொண்டிருந்தன.

ஐந்தாவது மாதம் அந்த அலுவலகத்திற்குப் புதிதாக வந்த அதிகாரி ஒருவர் தாமும் முன்னாள் படைவீரர். கோப்பைப் படித்தார். "பெரியவரே, அந்தக் காலத்தில் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். எங்களுக்கு வேண்டியது நீங்கள் போரில் இருந்தீர்களா என்பது. இந்தப் புத்தகம் அதைச் சொல்கிறது" என்று கையெழுத்திட்டார். எழுந்து நின்று, "தம்பி என்றுதானே உங்களை அழைப்பார்கள்?" என்று கேட்டார். நன்னாவின் முதுகு நிமிர்ந்தது. ஆதார் வந்தபோதும் மகன் அந்தப் புத்தகத்தையே சான்றாகக் காட்டிவிட்டார். அப்பொழுது நன்னா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்க வேண்டும்.

கிடைத்த முதல் மாதத் தொகையில் திருப்பத்தூருக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்றார். நான் அழைத்துச் செல்வதாகச் சொன்னேன். தேர்வு முடியட்டும், நோன்பு முடியட்டும், மழை நிற்கட்டும் என்று நான்தான் தள்ளிப் போட்டேன். பிறகு அவரால் பேருந்தில் உட்கார முடியாமல் போயிற்று. அந்த ஊரின் பெயரும் அந்தப் பையனின் பெயரும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. அந்தத் தாயாரின் வழியில் யாரேனும் இருக்கிறார்களா என்று தேடிப் போக இந்தக் கோடை விடுமுறைக்கு எண்ணியிருக்கிறேன்.

அடக்கத்தன்று மகன் என் எதிரே காத்துக்கொண்டு நின்றார். வெளியே ஜனாஸாவைத் தூக்க ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஆறு பேர் உயரம் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். மாநகராட்சிப் படிவத்தில் ஆதாரில் உள்ளபடி 97 என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் மஹல்லாப் பதிவேட்டில் 95 என்று எழுதினேன்.